அடிச்சுவடும் பாடபேதமும்

வாழவந்தியில் இருக்கும் நண்பர் ஒருவர் மூன்று நோட்டுப் புத்தகங்களை என்னிடம் கொடுத்து முன்னுரை கேட்டார். மலைப் பள்ளிக்கூடங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் அறிவியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். காப்பிச் செடிகளுக்கும் சவுக்கு மரத்துக்கும் நடுவில் சின்ன வீடு. வாழ்க்கை முழுவதும் ஒரே ஒரு விஷயத்தைச் சேகரித்து வந்திருக்கிறார். காட்டில் நிமிர்ந்து நடக்கிற, குரங்குமல்லாத மனிதனுமல்லாத அந்த ஒன்றைப் பற்றி எங்கே என்ன அச்சானாலும் வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார். யெதி, வட அமெரிக்காவின் பெருங்கால் பிராணி, சுமத்ராவின் குள்ள வனமனிதன், காரோ மலைகளின் மாண்டே பரூங் எல்லாம் உண்டு. கடைசியில் சேர்வராயன் மலையைச் சேர்ந்ததாக ஒரே ஒரு சாட்சியம்.

நான் எழுதுவது அந்த முன்னுரை இல்லை. அது ஏன் எழுத முடியாமல் போயிற்று என்பதைத்தான் எழுதுகிறேன். நண்பருக்குத் தெரிந்தே எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட விஷயத்துக்கு ஒரு இலக்கிய விமர்சனப் பத்திரிகையில் என்ன வேலை என்று கேட்கலாம். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. நோட்டுகளைப் படித்த பிறகு இல்லை. நம்பகத்தன்மை என்ற சொல்லை நாம் கதைகளின் மீது எத்தனையோ தடவை வீசியிருக்கிறோம். அதன் அர்த்தம் என்ன என்று நிதானமாக யோசித்தது குறைவு. கண்ணால் கண்டவன் சொல்கிறான், காணாதவன் கேட்கிறான், மூன்றாவது ஒருவன் எழுதுகிறான். எல்லாக் கதையும் இப்படித்தான் உண்டாகிறது. காட்டு மனிதக் குரங்கின் கதையில் இந்த மூவரும் மற்ற எங்கேயும்விட நிர்வாணமாகத் தெரிகிறார்கள்.

*

முதலில் அடிச்சுவடு. 1921-ல் எவரெஸ்ட்டுக்கு வழி பார்க்கப் போன குழுவின் தலைவர் ஹோவர்ட்-பரி, லாக்பா லா கணவாய்ப் பனியில் பெரிய தடங்களைக் கண்டார். ஓநாயின் தடம் என்றுதான் அவர் நினைத்தார். சுமைதூக்கி வந்தவர்கள் வேறு ஒரு பெயர் சொன்னார்கள். அந்தப் பெயர் கல்கத்தாவில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்த ஹென்றி நியூமன் கையில் சிக்கியது. அவர் அதை அருவருப்பான பனிமனிதன் என்று ஆங்கிலமாக்கினார். மூலச் சொல்லில் அருவருப்பு எதுவும் இல்லை, மனிதனையும் கரடியையும் சேர்த்துச் சொல்கிற சொல் அது என்று பின்னால் விளக்கம் வந்தது. அதற்குள் பிராணி உலகம் சுற்றி வந்துவிட்டது. பிறந்த இடம் இமயமலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு பத்திரிகை அலுவலகத்து மொழிபெயர்ப்பில்தான் அது பிறந்தது.

முப்பது வருஷம் கழித்து, 1951-ல், எரிக் ஷிப்டன் மென்லுங் பனியாற்றில் ஒரு தடத்தைப் போட்டோ எடுத்தார். பக்கத்தில் அளவுக்காக ஒரு பனிக்கோடரி. அந்தப் படத்தின் வலு தடத்தில் இல்லை, கோடரியில் இருக்கிறது. சந்தேகத்துக்குரிய ஒன்றின் பக்கத்தில் சந்தேகிக்கவே முடியாத ஒன்றை வைப்பது யதார்த்தவாதத்தின் ஆகப் பழைய உத்தி. நம் நாவலாசிரியர்கள் பேய் வருகிற அத்தியாயத்தில் திண்ணையையும் வெற்றிலைச் செல்லத்தையும் அவ்வளவு கவனமாக வர்ணிப்பது இதற்காகத்தான்.

அமெரிக்காவில் 1958-ல் கலிபோர்னியாவின் பிளஃப் கிரீக் பகுதியில் சாலை போடுகிற இடத்தில் பிரம்மாண்டமான தடங்கள் தெரிந்தன. பெருங்கால் என்ற பெயரே அப்போதுதான் பிரபலமாயிற்று. அந்த வேலையை நடத்திய ரே வாலஸ் 2002-ல் இறந்தபோது, மரத்தில் செதுக்கிய பாதங்களைக் குடும்பத்தார் எடுத்துக் காட்டினார்கள். நம்புகிறவர்கள் அசையவில்லை. அதே பிளஃப் கிரீக்கில் 1967-ல் பாட்டர்சனும் கிம்லினும் எடுத்த, ஒரு நிமிஷத்துக்கும் குறைவான படச்சுருள் அவர்களிடம் இருந்தது. அந்தப் பெண் உரு திரும்பிப் பார்க்கிற பார்வையை அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒவ்வொரு சட்டமாக நிறுத்தி வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். சந்தேகிக்கிறவர்களும் அதே சட்டங்களைத்தான் நிறுத்துகிறார்கள். ஒருவர் தசையைப் பார்க்கும் இடத்தில் இன்னொருவர் உடுப்பின் மடிப்பைப் பார்க்கிறார். பதவுரைகாரர்கள் சண்டை மாதிரிதான்.

சோதனைகளும் நடந்தன. 1960-ல் ஹில்லரி கும்ஜுங் கிராமத்தின் மடத்திலிருந்த யெதி உச்சந்தலையை இரவல் வாங்கிக்கொண்டு, கிராமப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, சிகாகோ, பாரிஸ், லண்டன் என்று போனார். செரோ என்கிற மலையாட்டினத்தின் தோலை அச்சில் வைத்துச் செய்தது என்று தெரிந்தது. காரோ மலையில் கிடைத்த மயிர் 2008-ல் இங்கிலாந்தில் பரிசோதிக்கப்பட்டது. அது கோரல் என்னும் இன்னொரு மலையாடு. 2014-ல் பிரயன் சைக்ஸ் உலகம் முழுவதிலிருந்தும் வந்த மயிர்களைச் சோதித்து, இமயத்து மாதிரிகள் இரண்டு பழங்காலத் துருவக் கரடியோடு பொருந்துகின்றன என்றார். சந்தேகவாதிகூட அப்போது சற்று உற்சாகப்பட்டான். அடுத்த வருஷமே மற்றவர்கள் அது தவறு, சாதாரணப் பழுப்புக் கரடிதான் என்று காட்டினார்கள். 2017-ல் யெதியுடையவை என்று வைக்கப்பட்டிருந்த ஒன்பது மாதிரிகளைப் பார்த்தபோது எட்டு கரடி, ஒன்று நாய். இத்தனைக்குப் பிறகும் 2019 ஏப்ரலில் நம் ராணுவம், மக்காலு அடிவார முகாம் அருகே 32 அங்குல நீளமும் 15 அங்குல அகலமும் உள்ள தடங்களைக் கண்டதாகப் படத்தோடு அறிவித்தது. நாடே சிரித்தது. நண்பர் சிரிக்கவில்லை. வெட்டி ஒட்டினார்.

கரடிதான் பதில் என்றால் இந்த மலையில் தேடி அலைய வேண்டாம். ஏற்காட்டுக்குப் பக்கத்திலேயே கரடியூர் இருக்கிறது. கரடி உள்ளங்காலை முழுக்க ஊன்றி நடக்கிறது. பின்னங்கால் தடம் மனிதனுடையது போலவே விழும். பயந்தாலோ மோப்பம் பிடிக்க வேண்டுமானாலோ எழுந்து நிற்கும். அந்தி வெளிச்சத்தில் அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இவர்களுடைய நம்பிக்கை நாம் கோயிலில் பார்க்கிற நம்பிக்கை இல்லை. சேர்வராயன் குகை காவிரியோடு போய்ச் சேர்கிறது என்று இந்த மலைக்காரர்கள் சொல்கிறார்கள். யாரும் உள்ளே போய் அளந்து பார்க்கக் கிளம்பியதில்லை; அளக்க வேண்டும் என்ற அரிப்பே அந்த நம்பிக்கையில் இல்லை. மே மாதத் திருவிழாவுக்கு அது போதும். என் நண்பருக்குப் போதாது. அவருக்கு மயிர் வேண்டும், அச்சு வேண்டும், அங்குலம் வேண்டும். அவர் அறிவியலின் பிள்ளை. அவரை மூடநம்பிக்கைக்காரர் என்று ஒதுக்குகிறவன் அவர் எதைக் கும்பிடுகிறார் என்று பார்க்கவில்லை. நிரூபணத்தைத்தான் அவர் கும்பிடுகிறார். நானும் அதே சந்நிதியில் நிற்கிறவன்தான். அவர் வரம் கேட்கிறார், நான் நடையைச் சாத்துகிறேன்.

*

இதுவரை ஸ்வாரஸ்யமான பொழுதுபோக்குச் சமாச்சாரம். இனிமேல் அப்படி இல்லை.

நண்பரின் இரண்டாவது நோட்டில் இலங்கையின் நிட்டேவோ பற்றிப் பதினைந்து பக்கம் இருக்கிறது. தென்கிழக்கு இலங்கைக் காட்டில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் குள்ளமான, மயிரடர்ந்த, நீண்ட நகமுள்ள ஜீவன்கள். ஹியூ நெவில் 1886-ல் எழுதி வைத்தார். பிரெடரிக் லூயிஸ் 1914-ல் மறுபடி எழுதினார். கொழும்பில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்த ஆஸ்மன் ஹில் 1945-ல், இவை ஜாவா மனிதனைச் சேர்ந்த ஆதி இனமாக இருக்கலாம் என்ற வரைக்கும் போனார். நண்பர் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருப்பது அந்த வாக்கியத்தைத்தான். கதையின் முடிவுக்கு அடிக்கோடு இல்லை. முடிவு இது: மிஞ்சிய நிட்டேவோக்களை வேடர்கள் ஒரு குகைக்குள் விரட்டி, வாயிலில் சருகும் விறகும் குவித்து, மூன்று நாள் எரித்தார்கள்.

இந்தோனேசியாவின் புளோரஸ் தீவிலும் ஏறக்குறைய இதே கதை. எபு கோகோ என்ற குள்ள ஜீவன்களைக் கிராமத்தார் குகையில் வைத்து எரித்ததாகச் சொல்கிறார்கள். அதே தீவில் 2003-ல் மூன்றரை அடி உயர ஆதி மனித இனத்தின் எலும்புகள் கிடைத்து, அடுத்த வருஷம் அறிவிக்கப்பட்டபோது நம்புகிறவர்களுக்குத் தீபாவளி. முதலில் அந்த எலும்புகளுக்குப் பன்னிரண்டாயிரம் வருஷம் வரை நெருங்கி வருகிற காலக்கணக்கு சொல்லப்பட்டது. 2016-ல் கணக்கு திருத்தப்பட்டு ஐம்பதாயிரம் வருஷத்துக்குப் பின்னால் தள்ளிப் போயிற்று. இரு தரப்பும் வருஷத்தைப் பற்றியே பேசின. ஒரு கதையில் கடைசி உயிர்கள் புகையில் மூச்சுத் திணறிச் சாகின்றன என்றால், அவை குரங்கா மனிதனா என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அவர்களைக் குரங்கு என்று சொல்ல வேண்டிய தேவை யாருக்கு இருந்தது? நிட்டேவோக்கள் வெறும் மனிதர்கள்தான், சிறிய உருவம் கொண்ட ஒரு பழங்குடி என்று கருதியவர்களும் உண்டு. அப்படியானால் ஆஸ்மன் ஹில் தேடியது ஒரு விலங்கினத்தை இல்லை, ஒரு கொலையின் தடயத்தை.

தமிழ் வாசகனுக்கு இது புதிதல்ல. வானரம் என்ற சொல்லைத் தென்னாட்டு மக்கள் மீது வீசப்பட்ட வசை என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் வாசித்துக் காட்டினார்கள். அந்த வாசிப்பின் இலக்கியக் குறைகளைப் பற்றிப் பேச இடமிருக்கிறது, பேசியும் இருக்கிறோம். ஆனால் குரங்கு என்று அழைக்கப்படுபவன் பக்கம் நின்று ஒரு காவியத்தைப் பார்த்தது அது. அந்தக் கோணத்தை நாம் வேறு எங்கேயும் பயன்படுத்தவில்லை.

இந்த மலையின் மலையாளிகள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதையில் அவர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள். மூன்று சகோதரர்கள். மூத்தவன் சேர்வராயனுக்கும் நடு ஆள் பச்சைமலைக்கும் இளையவன் கொல்லிமலைக்கும் போனார்கள். பட்டணத்திலிருந்து புறப்பட்டு வந்தவர்கள் என்பது அவர்கள் நினைவு. காட்டிலேயே முளைத்தவர்கள் என்பது சேலத்திலிருந்து பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவனின் நினைப்பு. அவனுக்குக் காடு என்றால் அதில் ஒரு காட்டு மனிதன் இருந்தாக வேண்டும்.

2001 மே மாதம் டில்லியில் நடந்ததையும் நண்பர் ஒட்டி வைத்திருக்கிறார். இரவில் மொட்டை மாடிகளில் பாய்ந்து கீறுகிற குரங்கு மனிதன். உலோக நகம், சிவந்த கண், தலைக்கவசம். போலீஸ் உருவப்படம் வரைந்து வெளியிட்டது, சன்மானம் அறிவித்தது. மின்சாரமில்லாத கோடை இரவுகள். பயத்தில் மாடியிலிருந்து விழுந்து சிலர் செத்தார்கள். குள்ளமான ஒரு சாமியாரைக் கூட்டம் பிடித்து அடித்தது என்றும் செய்தி வந்தது. கடைசியில் கூட்டு மனப்பீதி என்று விசாரணை சொல்லி முடித்தது. பீதி என்ற வார்த்தையில் சந்தேகவாதி திருப்தியடைந்தான். அந்த ஜனங்கள் ஏன் மாடியில் படுத்திருந்தார்கள் என்பது கோப்பில் வரவில்லை.

*

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு உதாரணம் சொல்லி விடுகிறேன். 2005-ல் அருணாசலப் பிரதேசத்தில் ஒரு புதிய குரங்கினம் விஞ்ஞானத்துக்கு அறிமுகமாயிற்று. மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷனைச் சேர்ந்தவர்களும் கூட்டாளிகளும் விவரித்தார்கள். பெயர் மக்காக்கா முன்சாலா. முன்சாலா என்பது மோன்பா மக்கள் அதை அழைக்கும் பெயர். அடர்காட்டுக் குரங்கு என்று பொருள். அவர்களுக்கு அது மர்மம் இல்லை, வயலில் வந்து மக்காச்சோளம் தின்கிற சனியன். பெயர் இருந்தது, பழக்கவழக்கம் தெரிந்திருந்தது. கேட்க ஆள் வராததுதான் பாக்கி.

பிராணிகளோடு பக்கத்தில் வாழ்கிறவர்கள் பெயர் வைப்பதில் சிக்கனமும் துல்லியமும் இருக்கும். குரங்கு, முசு, ஊகம் என்று பிரித்து, மூன்றுக்கும் பெண் மந்தி என்று தொல்காப்பிய மரபியல் இலக்கணமே சொல்லி வைக்கிறது. அந்தப் பட்டியலில் பாதி மனிதன் பாதி குரங்கு என்று ஒன்று கிடையாது. எனவே மலையில் ஒருவர் தனக்குப் பெயர் தெரியாத ஒன்றைப் பார்த்தேன் என்று சொன்னால், அது அலட்சியமாகக் கேட்க வேண்டிய பேச்சு இல்லை. நான் அலட்சியமாகத்தான் கேட்டேன்.

*

நண்பரின் நோட்டுகளில் உள்ள உள்ளூர்ச் சாட்சியம் ஒரு பெண்மணியுடையது. காப்பித் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்தவர். சம்பவம் 1994 ஜனவரியில், பழ சீசனின் கடைசியில். முதல் நோட்டில் அந்த வாரமே எழுதியிருக்கிறார் நண்பர். இரண்டாவது நோட்டில் 2001-லும் மூன்றாவதில் 2019-லும் விரிவாக்கித் திரும்ப எழுதியிருக்கிறார். மூன்று பாடங்கள். உ.வே.சா. ஏடுகளை வைத்துக்கொண்டு ஒப்பிட்ட மாதிரி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன்.

முதல் பாடத்தில் கருப்பாக, காப்பிச் செடிக்கு மேலே தெரிகிற உயரத்தில் ஒன்று. ஈர நாற்றம். அசையாமல் நின்று, பிறகு சரிவில் இறங்கிப் போயிற்று. அவ்வளவுதான். இரண்டாவது பாடத்தில் அதற்குச் சிவந்த கண்ணும் நீண்ட நகமும் வந்துவிட்டன. 2001. டில்லிச் செய்தியை ஒட்டிய பக்கத்துக்கு அடுத்த பக்கம். மூன்றாவது பாடத்தில் மறுநாள் காலை ஈர மண்ணில் பெரிய தடங்கள், ஒற்றை வரிசையில். 2019. ராணுவம் படம் வெளியிட்ட மாதத்துக்கு அடுத்த மாதம்.

இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை ஒளிக்க விரும்பவில்லை. சேர்க்கைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, தேதி போட்டு, நண்பரின் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். முடிவில் ‘கரடி’ என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அவங்களையே போய்ப் பாத்துட்டு வந்துருவோம் ஸார்” என்றார்.

ஒரு மைல் நடந்து போனோம். எண்பதை ஒட்டிய வயது. மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார். நண்பர் என்னை அறிமுகம் செய்தார். நான் கேட்டேன்: “அது கரடியா இருக்குமுங்களா அம்மா?”

“கரடிய நான் பாத்ததில்லயாங்க? எங்கப்பனைக் கரடி கிழிச்சிருக்குது, இந்தா, இங்கிருந்து இது வரைக்கும். கரடின்னா கரடின்னு சொல்லியிருப்பனே.”

“அப்ப என்னதுங்க?”

“தெரியலீங்க. தெரிஞ்சிருந்தா பயந்திருப்பனா?”

மிளகைத் துழாவிக்கொண்டே நண்பரைப் பார்த்துச் சொன்னார்: “அன்னிக்கி எடை போட நேரமாயிருச்சுன்னு சொன்னேனே வாத்தியாரே. எம் மூட்டையத்தான் கடைசியா எடுத்தான் அந்த மேஸ்திரி. எல்லாரும் போயிட்டாங்க. இருட்டுல ஒண்டியா வந்தேன். அத எழுதுனீங்களா?”

நண்பர் எழுதியிருந்தார், முதல் பாடத்தில். நான்கு வரி. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அந்த நான்கு வரி இல்லை. பிராணியைப் பற்றிய நூலுக்கு அது தேவையில்லாத விவரம் என்று எடுத்திருக்கிறார்.

திரும்பி வரும்போது அவர்தான் பேசினார். “நான் சேத்ததையெல்லாம் நீங்க சரியாப் பிடிச்சீங்க ஸார். ஒத்துக்கறேன். நான் விட்டதை அவங்க பிடிச்சாங்க. மூணு நோட்டையும் வரி வரியாப் படிச்ச நீங்க அதை ஏன் பிடிக்கல?”

என்னிடம் பதில் இல்லை. என் தாளில் சேர்க்கைகள் மட்டும்தான் இருந்தன. விடுபட்டதற்கு ஒரு பத்திகூட நான் போடவில்லை. சந்தேகம் என்பது கூட்டிச் சொன்னதைக் கழிக்கிற கணக்கு என்றே பழகிவிட்டேன். கழிக்கக் கழிக்க உண்மை மிஞ்சும் என்று நினைத்தேன். கரடி மிஞ்சியது. அந்த அம்மாள் மிஞ்சவில்லை. நண்பர் அவரைச் சாட்சியாக்கினார், நான் அவரைத் தவறாகப் பார்த்தவராக்கினேன். இரண்டு பேருக்குமே அவர் பார்த்த பொருள்தான் வேண்டியிருந்தது.

நாம் புத்தகங்களை வாசிக்கும் லட்சணமும் இதுதான் என்று தோன்றுகிறது. ஒரு கதையில் மிகை எங்கே, இரவல் எங்கே என்று கண்டுபிடிப்பதில் நம் பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் தேர்ந்தவர்கள். நானும் அந்தக் கூட்டம். எழுதி வெட்டப்பட்ட நான்கு வரி எது, யாருடைய வசதிக்காக அது வெட்டப்பட்டது என்று கேட்பதில் அந்தத் தேர்ச்சி கிடையாது. பொய்யைப் பிடிப்பதற்கு மோப்பம் போதும். விடுபட்டதைப் பிடிக்க வேண்டுமானால் சொன்னவரிடம் நடந்து போக வேண்டியிருக்கிறது.

ஹில்லரி உச்சந்தலையை ஆட்டுத் தோல் என்று சொல்லிவிட்டு நிற்கவில்லை. திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தார். 1961-ல் கும்ஜுங்கில் ஒரு பள்ளிக்கூடம் எழும்பியது. யெதி அங்கே செத்ததா பிழைத்ததா என்பது வேறு. அந்த ஊரின் பேச்சைக் கேட்டுவிட்டு வந்த ஒரு சந்தேகவாதி இருந்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

முன்னுரையை இப்போதைக்கு எழுதப் போவதில்லை என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். வருத்தம்தான் அவருக்கு. அது கரடியில்லை என்று அந்த அம்மாள் சொன்னதை நான் கேட்டேன் அல்லவா, அதையாவது எழுதுங்கள் என்றார். எழுதிவிட்டேன். சரிவில் இறங்கிப் போனது என்ன என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. அன்றைக்கு அவர் மூட்டையை ஏன் கடைசியாக எடுத்தார்கள் என்பது தெரிந்துகொள்ளக் கூடியதுதான். முப்பது வருஷமாக அதை யாரும் கேட்கவில்லை.